வெறும் கட்டத்துக்குக் கீழே போட்ட கையெழுத்து: லூப்ஸ் வாங்க எட்டு மாதம் அலைந்த கதை

போன ஆவணியில் கோவையில் நடந்த ஒரு பல் மருத்துவக் கண்காட்சியில் லூப்ஸுக்குப் பணம் கட்டினேன். வாய்க்குள் பெரிதாகக் காட்ட மூக்குக்கண்ணாடியில் இரண்டு சிறு குழாய் பொருத்தியிருப்பார்களே, அதுதான் லூப்ஸ். என் கண்ணுக்குப் பொருந்துகிற லூப்ஸ் கையில் கிடைத்தது இந்தச் சித்திரையில். நடுவே மூன்று முறை கோவைப் பயணம், இரண்டு கூரியர், ஒரு வக்கீல் நண்பர், தினமும் சாயங்காலம் தலைவலி. வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால் அவர்களுக்காவது அந்த எட்டு மாதம் மிச்சமாகும்.

ஈரோடு மாவட்டம் கோபியில் பதினேழு வருடமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு, உயரம் ஐந்தடி பத்து அங்குலம். ரூட் கெனால் செய்யும்போது குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. வலது கை மரத்துப்போக ஆரம்பித்ததும் எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே குனிஞ்சு வேலை செஞ்சா இன்னும் அஞ்சு வருசம்தான் தாங்கும்" என்றார். பயந்துபோய்த்தான் வாங்கக் கிளம்பினேன்.

எது வாங்குவது என்பதில் ரொம்ப நாள் குழம்பவில்லை. கலீலியன் வகை இலகுவானது. முன்னால் குவிலென்ஸ், கண் பக்கம் குழிலென்ஸ். 2.5 மடங்கு, 3 மடங்குக்கு அது போதும், 3.5-க்கு மேல் அந்த அமைப்பு தாங்காது. அதற்கு மேலே வேண்டுமென்றால் கெப்ளர் வகை. 1611-இல் வானியலாளர் கெப்ளர் எழுதி வைத்த இரண்டு குவிலென்ஸ் முறைதான் அது. பிம்பம் தலைகீழாக விழுவதால் உள்ளே பிரிசம் வைத்துத் திருப்புகிறார்கள். அதனால் நீளமும் அதிகம், மூக்கில் கனமும் அதிகம். முதல் லூப்ஸ் என்பதால் 3 மடங்கு கலீலியன் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. நேராக 5 மடங்கில் குதிக்காதீர்கள். ஒரே ஒரு பல்தான் தெரியும், தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் மங்கிவிடும், வெளிச்சமும் குறையும்.

அடுத்த கேள்வி, கண்ணாடியிலேயே பதித்த டிடிஎல் வகையா, மேலே தூக்கிவிடுகிற ஃபிளிப்-அப் வகையா என்பது. டிடிஎல்லில் குழாய் கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் காட்சி அகலம், கனமும் குறைவு. ஆனால் அளவு எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். உங்களால் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது. நான் டிடிஎல் கேட்டேன். என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கண்காட்சியில் கூட்டம் நெரித்தது. அளவெடுக்க வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மேஜையில் இருந்த பல் மாதிரியைப் பார்க்கச் சொல்லி, டேப்பைக் கண்ணோரம் பிடித்தார். "40 சென்டிமீட்டருங்க சார்." இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை என் பழைய கண்ணாடிச் சீட்டைப் பார்த்து 65 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். பாதிக் கட்டங்கள் காலி. "மீதிய நான் ஆபீஸ்ல ஃபில் பண்ணிக்கிறேனுங்க சார், நீங்க கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். போட்டுவிட்டேன். நகல் கேட்கவில்லை, போனில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எழுபத்தெட்டாயிரம் ரூபாயையும் அங்கேயே கட்டினேன்.

ஏழு வாரத்தில் பெட்டி வந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு வட்டம் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு வட்டம், ஒன்றன்மேல் ஒன்று முக்கால்வாசி ஏறி நின்றன. பல் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் முன்பைவிட இன்னும் குனிய வேண்டியிருந்தது. கழுத்துக்காக வாங்கிய பொருள் கழுத்தை இன்னும் கீழே இழுத்தது. கடைக்குப் போன் செய்தால், "பழகணுங்க டாக்டர், ரெண்டு வாரம் ஆகும்" என்றார்கள். நம்பி மூன்று வாரம் போட்டேன். சாயங்காலம் ஆனால் புருவத்துக்கு நடுவே ஆணி அடித்த மாதிரி வலிக்கும்.

இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். பழகுவதற்கு நாள் ஆகும் என்பது உண்மை. லேசான தலைசுற்றல், பல்லைக் குடையும் பர்ரைத் தேடிக் கை தடுமாறுவது, ட்ரேயில் இருக்கும் கருவியை எடுக்கத் தெரியாமல் போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகும். இரட்டை வட்டம் பழகாது. அது அளவுப் பிழை. ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் கூட்டல் குறி போட்டு, நீங்கள் வேலை செய்யும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே வட்டம், நடுவில் ஒரே குறி தெரிய வேண்டும். இடது, வலது என்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாலும் குறி நடுவிலேயே நிற்க வேண்டும். பெட்டி பிரித்த அன்றே இதைச் செய்யுங்கள்.

என்னோடு விடுதியில் இருந்தவர் இப்போது கை அறுவை மருத்துவர். எங்கள் பக்கம் விசைத்தறியிலும் மில்லிலும் விரல் போகிறவர்கள் அதிகம். விரல் ஒட்டவைக்கும் அறுவைக்குக் கோவை கங்கா மருத்துவமனை பேர்போனது என்பது உங்களுக்கே தெரியும். லூப்ஸ் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் ஓடாது. நரம்பையும் ரத்தக்குழாயையும் தேடிப் பிரித்தெடுக்கும்வரை லூப்ஸ், மயிரிழைத் தையலுக்கு மைக்ரோஸ்கோப். அவருடையதை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தெளிவாக இல்லை. அவர் நின்றுகொண்டு வேலை செய்கிறார், தூரம் 50 சென்டிமீட்டருக்கு மேல். கண் இடைவெளியும் வேறு. "இது செருப்பு மாதிரிப்பா. அடுத்தவன் அளவு ஆகாது. உன் அளவ எடுத்தியா இல்லையா, அத மொதல்ல பாரு" என்றார்.

அடுத்த நாளே தெரிந்த கண் மருத்துவரிடம் போனேன். அவருடைய ஆப்டோமெட்ரிஸ்ட் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக, மூக்கின் நடுவிலிருந்து அளந்தார். வலது 31, இடது 34. கூட்டினால் 65, சீட்டில் இருந்தது பொய்யில்லை. ஆனால் தொழிற்சாலையில் 65-ஐச் சரிபாதியாக்கிப் பக்கத்துக்கு 32.5 என்று துளை போட்டிருக்கிறார்கள். முகம் சரிபாதியாக இருப்பவர்கள் குறைவுதான் என்றார் அவர். பிறகு கிளினிக்கில் என் ஸ்டூலில், முதுகை நிமிர்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி உட்கார்ந்தேன். எங்கள் அசிஸ்டென்ட் பாப்பாவை நோயாளி நாற்காலியில் சாய்த்து, கம்பவுண்டர் அண்ணனை விட்டுக் கண்ணோரத்திலிருந்து பல்வரை டேப் பிடிக்கச் சொன்னேன். 49 சென்டிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கழுத்தாலும் ஈடுகட்ட முடியாது.

கோவைக்கு முதல் பயணம் ஒரு சனிக்கிழமை. முகூர்த்த நாள், நின்றுகொண்டே போனேன். கவுண்டரில் இருந்த பெண், "டெக்னீஷியன் சார் இன்னிக்கு லீவுங்க" என்றார். போன் செய்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். "எங்கிட்டச் சொல்லலைங்களே சார்." அவ்வளவுதான். இரண்டாம் முறை டெக்னீஷியன் இருந்தார், வாங்கியபோது கொடுத்த அட்டைப்பெட்டியும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார். மூன்றாம் முறை எல்லாவற்றையும் கொண்டுபோனேன். மேலாளர் கோப்பைத் திறந்து என் படிவத்தைக் காட்டினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, கீழே என் கையெழுத்து. "நீங்க ஒத்துக்கிட்ட அளவுதானுங்களே டாக்டர். இது உங்களுக்குன்னே செஞ்சது, திருப்பி எடுக்க முடியாதுங்க. மறுபடி செய்யணும்னா முப்பத்தஞ்சாயிரம்." அந்தக் கட்டங்கள் வேறு மையில், வேறு கையெழுத்தில் இருந்தன. அதைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கோப்பை மூடினார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

வக்கீல் நண்பர்தான் தெம்பு கொடுத்தார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம், ஈரோட்டிலேயே ஆணையம் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியதென்றால் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று பிரிவை எடுத்துக் காட்டினார். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அப்புறம் அவர் பதிவுத்தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். கூடவே கண் மருத்துவரின் அளவுச் சீட்டு, 49 சென்டிமீட்டர் டேப்போடு நான் உட்கார்ந்திருக்கும் பக்கவாட்டுப் படம், படிவத்தில் இரண்டு மை இருப்பது பற்றி ஒரு பத்தி.

பதினோராம் நாள் மேலாளரே போன் செய்தார். காசில்லாமல் மறுபடி செய்து தருவதாகவும், அளவெடுக்க ஆளைக் கோபிக்கே அனுப்புவதாகவும் சொன்னார். இந்த முறை வந்தவர் விவரமானவர். என் ஸ்டூலில், என் நாற்காலியில், மேல்தாடைக்கு ஒரு முறை, கீழ்தாடைக்கு ஒரு முறை அளந்தார். குழாய் எவ்வளவு கீழ்நோக்கிச் சாய வேண்டும் என்பதையும் பார்த்தார். அந்தச் சாய்வு குறைந்தால் தலையைக் குனிய வேண்டிவரும், மிகுந்தால் கண் கீழே உருண்டு வலிக்கும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கிட்டத்தில் பார்ப்பதற்கான பவர் மாறும், அப்போது டிடிஎல்லைத் திருப்பி அனுப்பித்தான் மாற்ற வேண்டும், ஃபிளிப்-அப் என்றால் கண்ணாடி லென்ஸை மட்டும் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவர்தான் சொன்னார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? படிவத்தில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போட்டேன். நகல் என் பீரோவில் இருக்கிறது.

புது லூப்ஸ் வந்து கூட்டல் குறியைப் பார்த்தேன். ஒரே வட்டம்.

முதல் வாரம் தினமும் அரைமணி நேரம், வெறும் பரிசோதனையும் பல் காரை எடுக்கும் ஸ்கேலிங்கும் மட்டும். பிடுங்கிய பல்லை வைத்து இரவில் பழகினேன். கருவியை வாய்க்குள் கொண்டுபோகும்வரை லூப்ஸின் ஓரம் வழியாகப் பாருங்கள், உள்ளே போன பிறகு குழாய் வழியாகப் பாருங்கள். உதடு கிழியாமல் இருக்க இதுதான் வழி. தலையில் மாட்டும் விளக்கைக் கூடவே வாங்கிவிடுங்கள். பார்க்கும் கோட்டிலேயே வெளிச்சம் விழுவதால் நிழல் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பேட்டரி விளக்கு பெரிய உதவி. ஆனால் வெளிச்சம் பட்டால் கெட்டியாகிற காம்போசிட் அடைப்பு வைக்கும்போது ஆரஞ்சு ஃபில்டரை இறக்க மறந்தேன், வடிவம் கொடுப்பதற்குள் கெட்டியாகிவிட்டது, மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். லென்ஸ் மேல் ஸ்பிரிட்டை நேராக அடிக்காதீர்கள், பூச்சு போய்விடும்.

மஞ்சள் வியாபாரி வீட்டு ஆத்தா ஒருவர் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துப் பதறிவிட்டார். "ஏஞ்சாமி, கண்ணு மங்கிப்போச்சா உனக்கு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இல்லைங்க ஆத்தா, உங்க பல்லை இன்னும் நல்லாப் பார்க்கத்தான் என்று சொல்லி, அவரையே வாங்கி எட்டிப் பார்க்கச் சொன்னேன். தன் உள்ளங்கை ரேகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் ஒருவர் வந்தார். ஆறு வருடத்துக்கு முன் நானே ரூட் கெனால் செய்த மேல் கடைவாய்ப்பல், முதல் மோலார். அவ்வப்போது வலிக்கிறது என்று இரண்டு முறை வந்தவர்தான், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்று இரண்டு முறையும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தேன். அந்தப் பல்லின் முன்கன்ன வேரில் இரண்டாவதாக ஒரு சிறு கால்வாய் பெரும்பாலும் இருக்கும், வெறும் கண்ணுக்குச் சிக்காது என்று கல்லூரியிலேயே படித்ததுதான். பல்லைத் திறந்து, அதன் உள்தரையைக் கழுவி, விளக்கைப் போட்டுக் குனியாமல் பார்த்தேன். பழைய மூன்று அடைப்புகளுக்குப் பக்கத்தில், நடுவிலிருந்து கிளம்பிய கருங்கோட்டின் நுனியில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. கால்வாய்க்குள் விடும் மெல்லிய 8-ஆம் எண் ஃபைலை வைத்தேன், மாட்டியது, மெல்ல இறங்கியது.

அவரிடம் உள்ளதைச் சொன்னேன். ஆறு வருடம் முன்பு இதை நான் விட்டுவிட்டேன், காசு வேண்டாம் என்றேன். "இப்பக் கண்டுபுடிச்சிட்டீங்கல்லங்க, அது போதும்" என்றார். நேற்று போன் செய்தார், மூன்று நாளாக அந்தப் பக்கமே மென்று சாப்பிடுகிறாராம்.