கீழ்ப்பல்செட் பழகத்தான் நாளாகும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வயது 62. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே ஈறு நோய். ஒவ்வொரு பல்லாக ஆடி, மிஞ்சியிருந்த ஒன்பதையும் ஒரேயடியாக எடுக்க வேண்டியதாயிற்று. மேலும் கீழும் முழுப் பல்செட் போட்டுப் பதினான்கு மாதமாகிறது. போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது போட்டிருப்பது இரண்டாவது செட். முதல் செட்டில் அவசரப்பட்டேன். நாத்தனார் மகள் கல்யாணம் நெருங்கியதால், பல் எடுத்த பத்தாம் நாளே ஒரு கிளினிக்கில் அளவு கொடுத்தேன். ஒரே தடவை அளவெடுத்து ஐந்தாம் நாள் கையில் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு உதவியது. இரண்டு மாதத்தில் பேசும்போதே மேல்செட் கழன்று விழ ஆரம்பித்தது. பல் எடுத்தபின் முதல் சில மாதங்களில்தான் தாடை எலும்பு வேகமாகச் சுருங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உடனே போடும் செட் தப்பில்லை. ஆனால் அது தற்காலிகம், சீக்கிரமே உள்பக்கம் திருத்த வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது. கீழ்செட் ஓரம் குத்தியபோது எங்கள் வீட்டுக்காரர் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். குத்துவது நின்றது, பிடிப்பும் போய்விட்டது. தயவுசெய்து வீட்டில் தேய்க்காதீர்கள்.

அப்புறம்தான் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ். பல்செட் கட்டுவதற்கென்றே தனித் துறை இருக்கிறது. மேற்படிப்பு படிக்கும் பெண் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்தார். முதல் நாள் அவர் கேட்டது சர்க்கரை அளவைத்தான். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் வாயில் வரும் சின்னப் புண்கூட ஆற நாளாகும் என்றார். எலும்பில் திருகு வைத்து மாட்டும் இம்பிளான்ட் பற்றியும் சொன்னார். கீழ்த்தாடையில் இரண்டு வைத்தாலே கீழ்செட் நன்றாகப் பிடிக்குமாம். எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் ஒருவகை பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் செய்யும் சாதாரண செட்டே போதும் என்று முடிவு செய்தோம்.

ஐந்து தடவை போனோம். முதல் தடவை தட்டில் பசை போட்டு வாயில் வைத்து மாதிரி எடுத்தார்கள். எனக்குக் குமட்டல் அதிகம். தலையை முன்பக்கம் சாய்த்து மூக்கால் மூச்சு விடச் சொன்னார், சமாளித்துவிட்டேன். அடுத்த தடவை என் வாய்க்கென்றே செய்த தட்டில் ஓரங்களைத் துல்லியமாக எடுத்தார்கள். மூன்றாவதில் மெழுகுக் கட்டையைக் கடிக்க வைத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, வாய் எவ்வளவு உயரத்தில் மூட வேண்டும் என்று பார்த்தார்கள். பல்லின் நிறமும் அன்றுதான். நான் பளிச்சென்ற வெள்ளை கேட்டேன். டாக்டர் என்னை ஜன்னலோரம் நிறுத்தி, "வெளிச்சத்துல பாருங்கம்மா, உங்க முகத்துக்கு இது தனியா தெரியும்" என்று கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறத்தைக் காட்டினார். அவர் சொன்னதே சரி. பழைய போட்டோ ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். முன்பல் எவ்வளவு தெரியும் என்று அதைப் பார்த்துத்தான் வைத்தார்.

நான்காவது தடவையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துக் காட்டுவார்கள். பல்லை நகர்த்த அதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டிலிருந்து ஒருவரையாவது கூட்டிப் போங்கள். இங்கிலீஷில் சிக்ஸ்டியிலிருந்து செவன்டி வரை எண்ணச் சொன்னார். பல்லோடு பல் மோதிச் சத்தம் வந்தால் உயரம் கூடுதலாம். எனக்குச் சத்தம் வரவில்லை, ஆனால் 'ச' காற்றாகப் போனது. முன்பல்லைக் கொஞ்சம் மாற்றி வைத்தார்.

மேல் அண்ணத்தை மூடாமல் செய்ய முடியாதா என்றும் கேட்டேன். மேல்செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பதே எச்சில் படலத்தாலும், பின்ஓரம் காற்றுப் புகாமல் அடைப்பதாலும்தான் என்று விளக்கினார். கீழே அந்த இடம் கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது, அது அசையும்போதெல்லாம் செட்டைத் தூக்கும். அதனால்தான் கீழ்செட் பழக நாளாகிறது. எனக்கு மேல்செட் ஒரு வாரத்தில் பழகியது, கீழ்செட்டுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

போட்ட முதல் வாரம் வாயெல்லாம் எச்சில். ஏதோ சாப்பாடு என்று நினைத்து வாய் சுரக்கிறது, தானாகக் குறையும் என்றார் டாக்டர். குறைந்தது. மூன்றாம் நாள் கீழ் ஈற்றின் உள்பக்கம் புண். கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்றிருந்தேன். போனில் கேட்டபோது, "வர்ற அன்னிக்குக் காலையிலேர்ந்து போட்டுக்கிட்டு வாங்கம்மா, அப்பதான் எங்க அழுத்துதுன்னு தெரியும்" என்றார். வெள்ளைப் பசை தடவி, தடம் பதிந்த இடத்தை மட்டும் ராவினார். இரண்டு நிமிட வேலை. இப்படி நான்கு தடவை போனேன். பல்செட் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் அதைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இந்த நான்கு தடவையும் சேர்ந்ததுதான் பல்செட் என்பேன்.

எனக்குப் பெரிய கவலை பேச்சு. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைக்கிறவள் நான். த, ந இரண்டுக்கும் நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். பல் இல்லாத மாதங்களில் 'தந்தை' என்று என்னால் சொல்லவே முடியவில்லை. செட் வந்ததும் அவை திரும்பின, ஆனால் ட, ண, ள, ழ தடுமாறின. நாக்கு மடங்கித் தொடும் இடத்தில் இப்போது ஒரு கனம் சேர்ந்திருக்கிறது அல்லவா? தினமும் அரை மணி மொட்டை மாடியில் செய்தித்தாளை உரக்கப் படித்தேன். 'வாழைப்பழம்', 'பள்ளிக்கூடம்', 'தண்ணீர்' என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று வாரத்தில் ழகரம் சரியாக வந்தது. அன்று உண்மையிலேயே அழுதுவிட்டேன்.

சாப்பாட்டில் முதலில் குழைந்த சாதமும் இட்லியும். சிறு சிறு துண்டாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது, கொய்யாவை நறுக்கித்தான் தின்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று: அண்ணம் மூடியிருப்பதால் மீன் முள் வாயில் தெரியாது. கையால் முள் பார்த்துப் பிசைந்த பிறகுதான் வாயில் வைக்கிறேன். காபியின் சூடும் அப்படித்தான், அண்ணத்துக்குத் தெரியாமல் தொண்டையில் போய்ச் சுடும்.

இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். பண்ருட்டியில் ஒரு விசேஷ வீட்டில் கூச்சப்பட்டு ஐந்து இரவு செட்டோடே தூங்கினேன். அண்ணம் சிவந்து எரிந்தது. பூஞ்சைத் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் சுலபமாக வருமாம். இப்போது மூடி போட்ட டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். காய விட்டாலும் கொதிநீர் ஊற்றினாலும் வடிவம் மாறிவிடும். மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பு நீரும் போதும். பேஸ்ட் கீறிவிடும், கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பேசின் இருக்கட்டும், கை நழுவினாலும் உடையாது. ஈறையும் நாக்கையும் நனைத்த மெல்லிய துணியால் துடைக்கிறேன்.

போன மாதத்திலிருந்து கீழ்செட் லேசாக ஆடுகிறது. மருந்துக்கடையில் ஒட்டும் பசை வாங்கலாமா என்று கேட்டேன். தளர்ந்ததைப் பசையால் மறைத்தால் ஈறு இன்னும் கெடும், நேரில் வாருங்கள், உள்பக்கம் புதுப்பூச்சு கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காலையிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.