ஐந்து விரலில் நாலு பனி மனிதர்கள்

மூன்று வாரக் கடைசிகளாக வீட்டில் கை அச்சு வேலைதான். பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இருவர் கையிலும் வண்ணம் பூசி, அந்த அச்சுகளிலிருந்து குளிர்காலப் படங்கள் செய்வது என்று திட்டம். எது ஒழுங்காக வந்தது, எது சொதப்பியது என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் பனி மனிதர்கள். இருப்பதிலேயே சுலபமானது இதுதான் என்று நினைத்தேன். நீலத் தாளில் வெள்ளைக் கை. நிற்கிற ஐந்து விரலும் ஐந்து பனி மனிதர்கள், கீழே உள்ளங்கை பனித்தரை. தட்டில் போஸ்டர் கலரை ஊற்றி, அவள் கையை அதில் அப்படியே அமுக்கினேன். அங்கேயே தப்பு. விரல் இடுக்கெல்லாம் வண்ணம் நிறைந்து, தாளில் வைத்ததும் பிதுங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. "இது மேகம்மா" என்றாள். மேகம்தான்.

அடுத்த தடவை அகலத் தூரிகையால் பூசினேன். விரல்கள் தெளிவாக விழுந்தன. நடு உள்ளங்கையில் மட்டும் பெரிய ஓட்டை. இன்னும் கொஞ்சம் பூசி, இன்னும் கொஞ்சம் அழுத்தி என்று நாலு தாள் வீணான பிறகுதான் உறைத்தது: உள்ளங்கை குழிவாக இருக்கிறது, மேசையோ தட்டை. குழி எப்படித் தாளைத் தொடும்? மடித்த துண்டு ஒன்றைத் தாளுக்கு அடியில் வைத்தேன். கையை அழுத்தும்போது தாள் மேலெழும்பிக் குழிக்குள் போய்விடுகிறது. முழுக் கையும் பதிந்தது. இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் பாதித் தாள் மிச்சம்.

வெள்ளை வண்ணம் இன்னொரு ஏமாற்று. ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் சாம்பல் பூத்து அடித்தாள் தெரிந்தது. மேலே இன்னொரு அச்சு வைக்கலாம் என்றால் கை மறுபடி அதே இடத்தில் விழாது. இரட்டை விரல்தான் மிஞ்சும். வண்ணத்தில் தண்ணீர் கலக்காமல், தேன் பதத்தில் பூசினால் ஒரே தடவையில் நிற்கிறது. மெல்லிய கலர் தாளை விட்டுவிட்டு, கெட்டியான 200 ஜி.எஸ்.எம். வரைதாளில் நாங்களே நீலம் அடித்துக் காயவைத்துக்கொண்டோம். அக்ரிலிக் நன்றாக மூடும்தான். ஆனால் சீக்கிரம் காய்ந்து தோலில் ஒட்டிக்கொள்ளும், துணியில் பட்டால் போகாது. குழந்தை கைக்கு அது வேண்டாம்.

இரண்டாம் வாரம் பென்குயின். விரல்களைச் சேர்த்து, கட்டைவிரலை மட்டும் விலக்கி வைத்தால் உடம்பும் ஒரு பக்கச் சிறகும் கிடைத்துவிடும். காய்ந்த பிறகு வெள்ளை வயிறு, ஆரஞ்சு மூக்கு. கறுப்பு பூசினோம், நகக்கண்ணில் இரண்டு நாள் போகவில்லை. அடுத்த முறை கருநீலத்துக்கு மாறினேன். கேட்பவர்களுக்குப் பதிலும் இருக்கிறது: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் நீலப் பென்குயின் என்றே ஓர் இனம் உண்டு, பென்குயின்களிலேயே மிகச் சின்னது.

துருவக் கரடிக்குக் கையைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். நாலு விரல் நாலு கால், கட்டைவிரல் தலை. கரடியும் பென்குயினும் ஒரே தாளில் வேண்டும் என்றாள். கரடி வடதுருவப் பக்கம், பென்குயின் இருப்பது பூமியின் தென்பாதியில், இரண்டும் சந்திப்பதே இல்லை என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்து, தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டாள். "கரடி மேல் வீடு, பென்குயின் கீழ் வீடு." சரி, பூகோளம் அவ்வளவுதான்.

சின்னவன்தான் சோதனை. தூரிகை பட்டதும் கூச்சத்தில் கையை மூடிக்கொள்வான், அடுத்த நொடி கை வாய்க்குப் போகும். நச்சில்லாத வண்ணம் என்றாலும் தின்பதற்கா அது? ஒருவர் பிடிக்க, ஒருவர் பூச, இரண்டு நாள் போராட்டம். கையைத் தாளுக்குக் கொண்டுபோவதை விட, தாளை அட்டையில் ஒட்டிக் கைக்குக் கொண்டுவருவது பரவாயில்லை. அதுவும் மூன்றுக்கு ஒன்றுதான் தேறியது. பாதம் எளிது, குதிகால் தலை, விரல்கள் கால் என்று பென்குயின் ஆகிவிடுகிறது.

கடைசியில் அவன் மூடிய முஷ்டியோடே தாளில் குத்தினான். திட்டப் போனவள் பார்த்தேன்: அழகான உருண்டை. இன்னும் இரண்டு குத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. பனி மனிதன்! நான் தட்டிலிட்டு அமுக்கிச் செய்ததையெல்லாம் விட அச்சு அசல். அன்றிலிருந்து என்ன படம் என்று முன்கூட்டி முடிவு செய்வதை விட்டோம். முதலில் அச்சு, காய்ந்த பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்ன தெரிகிறதோ அது.

மூன்றாம் வாரம் வானமும் மரமும். நீர்வண்ணத்தில் நீலம் அடித்து, ஈரத்தின் பளபளப்பு மறையத் தொடங்கும்போது கல்லுப்பைத் தூவினால், உப்பு ஈரத்தை உறிஞ்சி ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் வெளிறிய பூ மாதிரி விட்டுவிடும். முந்தினால் உப்பு கரைந்துபோகிறது, பிந்தினால் ஒன்றும் நடப்பதில்லை. காய்ந்த பின் உப்பைச் சுத்தமாகத் தட்டிவிட வேண்டும். நாங்கள் விட்டுவிட்டோம், மேலே வைத்த கை அச்சு அங்கங்கே உரிந்தது.

மரம் பச்சைக் கைகளை விரல் கீழாக அடுக்குவது. கீழே மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று. கீழிருந்து மேலே போனால்தான் மேல்கிளை கீழ்கிளையின்மேல் படியும். உச்சியிலிருந்து தொடங்கிய எங்கள் முதல் மரம், குடையைப் பாதி மடக்கியதுபோல் நிற்கிறது.

பனிப்படிகம் மட்டும் கைகூடவில்லை. அதற்கு ஆறு கை வேண்டும், விரலோ ஐந்து. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் முதல் பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியே படம் எடுத்தார், பிறகு 5,000க்கு மேல் எடுத்தார் என்று சொல்லி அந்தப் படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு எட்டுக் கை வைத்து ஒன்று வரைந்தாள். நடுவில் ஒரு கேள்வி: "புல்லில இருக்கறதும் பனி, இதுவும் பனியாம்மா?" இரண்டுக்கும் அதே சொல்தான் என்றேன். நம்பவில்லை.

நேற்று மறுபடி முதல் படத்துக்கே வந்தோம். துண்டு, தேன் பத வெள்ளை, உப்பு வானம், எல்லாம் சரி. ஆனால் கை பதியும் முன் அவள் சுண்டுவிரலைத் தூக்கிவிட்டாள். நாலு பனி மனிதர்கள், ஐந்தாவது இடம் காலி. இன்னொரு தாள் எடுக்கப் போனேன். அதற்குள் காலி இடத்தின் அடியில் ஒரு தொப்பியும் ஆரஞ்சு மூக்கும் போட்டு, சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் வரைந்து முடித்திருந்தாள்.

பின்பக்கத்தில் தேதி, வயது, வலது கை என்று எழுதிக் காயவைத்திருக்கிறேன்.