ஆய்வக விலங்குப் பராமரிப்புத் தேர்வு: அறைக்குள் நின்று படியுங்கள்

பினாங்கில் இந்த வேலைக்கு வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு, இதற்கென்று ஒரு தேர்வு இருப்பதே வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்கள், உயிரியலில் டிப்ளோமா வைத்திருப்பவர்கள், பட்டம் வாங்கிவிட்டு ஆய்வு உதவியாளராக வருகிறவர்கள் என எல்லாருக்கும் முதல் நாள் கையில் கிடைப்பது ஒரு கவுனும் முகக்கவசமும் கையுறையும்தான். "கூண்டு கழுவுற வேலைதானே" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கூண்டைச் சுற்றி எவ்வளவு படிப்பு இருக்கிறது, அதை எப்படிப் படித்தால் தேர்வுக்கும் வேலைக்கும் உதவும் என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். தீவில் ஓர் ஆராய்ச்சி விலங்குக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, தேர்வு எழுதி, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

பல நாடுகளில் எழுதப்படுவது அமெரிக்க ஆய்வக விலங்கு அறிவியல் சங்கம் நடத்தும் தேர்வு. 'ஆலாஸ்' என்றால் துறையில் எல்லாருக்கும் தெரியும். டெக்னீஷியன்களுக்கு மூன்று படிகள்: முதலில் ஏ.எல்.ஏ.டி. (உதவி டெக்னீஷியன்), அடுத்து எல்.ஏ.டி. (டெக்னீஷியன்), அதற்கும் மேலே எல்.ஏ.டி.ஜி. (டெக்னாலஜிஸ்ட்). கல்வித் தகுதியையும் வேலை அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான விதிமுறைக் கையேட்டை முதலில் படித்துவிடுங்கள். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஆங்கிலத்தில், கணினியில்.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் முதல் இடம் சட்டம். இங்கே மலேசியாவில் நாம் வேலை செய்வது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 772. ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் கற்பித்தலுக்கும் விலங்குகளைப் பயன்படுத்த உரிமம் வேண்டும் என்கிறது அது. தேர்வோ அமெரிக்கச் சட்டத்தைக் கேட்கும். அங்கே 1966-இல் வந்த விலங்கு நலச் சட்டம், ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கப்படும் சுண்டெலியையும் எலியையும் தன் வரம்புக்குள் சேர்ப்பதில்லை. அரசு நிதி பெறும் ஆய்வுகளில் அவற்றுக்குப் பாதுகாப்பு வருவது பொதுச் சுகாதாரச் சேவையின் கொள்கை மூலம். நாள் முழுக்கச் சுண்டெலியோடு இருக்கும் நமக்கு இது நம்ப முடியாததாக இருப்பதால், தெரிந்தும் விடையை மாற்றிப் போட்டுவிடுவோம். இரண்டு நாட்டு விதிகளையும் தனித்தனித் தாளில் எழுதி வையுங்கள். 1959-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று கொள்கைகள் இரண்டு தாளுக்கும் பொது: முடிந்த இடத்தில் விலங்குக்குப் பதில் வேறு வழி, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறைத்தல், பயன்படுத்தும் விலங்குக்கு வேதனை குறையும்படி முறையைச் செம்மைப்படுத்தல்.

எண்களுக்கு வருவோம். அட்டவணையாக மனப்பாடம் செய்யாதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 'கைடு' என்று எல்லாரும் அழைக்கும், ஆய்வக விலங்குப் பராமரிப்புக்கான அமெரிக்க வழிகாட்டி நூலின் எட்டாம் பதிப்பு 2011-இல் வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுண்டெலிக்கும் எலிக்கும் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ், முயலுக்கு 16 முதல் 22, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், மணிக்கு 10 முதல் 15 முறை புதுக்காற்று என்று அதில் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து படித்தால் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். அறைக்குள் நின்று படியுங்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் மழை பெய்து ஓய்ந்த மாலையில் வெளியே ஈரப்பதம் 80, 90 சதவீதம் இருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது பேசிக்கொண்டு நின்றால், மீட்டரில் எண் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 70 என்ற வரம்பு அதற்கப்புறம் மறக்காது.

தீவனமும் அப்படித்தான். 21 டிகிரிக்குக் கீழே, 50 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கைடு. நம் ஊரில் ஏர்கோன் இல்லாத ஸ்டோரில் மூட்டையை அடுக்கினால் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. கினி பிக் தன் உடம்பில் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாத பிராணி, தீவனத்தில் சேர்க்கும் வைட்டமினோ சூட்டிலும் நாள்பட்டும் அழிந்துபோகும். ஒரு மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பார்க்கும்போது வெப்பம், ஈரப்பதம், கினி பிக்கின் உடற்கூறு மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வர வேண்டும்.

இன்னொன்று: அமெரிக்கத் தேர்வில் எதிர்ப்படும் பாரன்ஹீட்டும் அங்குலமும் நமக்குப் பழக்கமில்லாதவை. அறை வாசலில் பதிவேட்டில் செல்சியஸை எழுதும்போதே பாரன்ஹீட்டையும் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். 20 முதல் 26 என்பது 68 முதல் 79. கூண்டு கழுவும் இயந்திரத்தின் கடைசி அலசலில் 82 டிகிரி காட்டினால் அது 180 பாரன்ஹீட். 25 கிராமுக்கு மேற்பட்ட சுண்டெலி ஒன்றுக்கு 15 சதுர அங்குலத் தரை வேண்டும் என்பதை, கூண்டின் அடித்தட்டில் அளவுகோலை வைத்து ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.

நோய் அறிகுறிகளைப் புத்தகத்தில் படிப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் ஒரு காலையில், "அக்கா, எலிக்குக் கண்ணுல ரத்தம் வருது" என்று பதறிப்போய் வந்தான். போய்ப் பார்த்தால், கண்ணின் ஓரத்திலும் மூக்கின் நுனியிலும் செம்பழுப்பாகக் காய்ந்திருந்தது. உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொன்னேன். கண்ணில் காயம் எதுவும் இல்லை. அது ரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்பைரின் என்ற நிறமி. எலி நலமாக இருக்கும்போது முகத்தைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். உடம்புக்கு முடியவில்லை, மன அழுத்தம் என்றால் சுரப்பது கூடும், துடைப்பதும் நின்றுவிடும். "சரி, இதுக்கு என்ன கஷ்டம்னு கூண்டைப் பார்த்துச் சொல்லு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைக் காட்டினான். பக்கத்துக் கூண்டுகளில் தண்ணீர் இறங்கியிருந்தது, இதில் முந்தின நாள் நிரப்பியபடியே இருந்தது. குழாய் முனையில் இருக்கும் சின்னக் குண்டு இறுகிப்போய் நகரவில்லை. வேறு புட்டி மாட்டியதும் அந்த எலி வாயை எடுக்காமல் குடித்தது. கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, கூண்டு அட்டையில் எழுதி வைத்தோம். இந்தச் சிவப்புக் கசிவுக்கு உள்ள குரோமோடாக்ரியோரியா என்ற வாய்க்குள் நுழையாத பெயரை அவன் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க வேண்டி வரவில்லை.

கையாளும் முறையில் துறையே மாறியிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். சுண்டெலியை வாலின் அடியைப் பிடித்துத் தூக்குவதுதான் பழைய வழக்கம், இன்னும் பல பாடங்களில் இருக்கிறது. 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, குழாய்க்குள் நடக்கவிட்டோ உள்ளங்கைக் குழியில் ஏந்தியோ எடுத்தால் சுண்டெலியின் பயம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. பயந்த விலங்கிடமிருந்து கிடைக்கும் ஆய்வு முடிவும் கலங்கியதாகத்தான் இருக்கும். ஒளி ஊடுருவும் குழாயைக் கூண்டின் சுவரை ஒட்டி வைத்து, மறு கையால் மெல்ல வழி காட்டினால் போதும், அதுவே உள்ளே போய்விடும். துரத்தக் கூடாது.

ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் பழக இப்போது சிலிகான் பொம்மை எலிகள் இருக்கின்றன. வாலில் ரத்தக்குழாய், வாய்க்குள் குழாய் செல்லும் வழி என்று உண்மை அளவிலேயே செய்திருப்பார்கள். பழகுவதற்காக உயிருள்ள விலங்கைக் குத்த வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம், அதற்காகவே ஒவ்வொரு கூடமும் வாங்கி வைக்க வேண்டும் என்பேன். ஆனால் பொம்மை மூச்சு விடாது, திமிறாது. பொம்மையில் கை சரளமானதும் நேரே ஊசியோடு அறைக்குள் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் சில வாரம் வெறுமனே எடுத்து, பிடித்து, எடை பார்த்து, திரும்ப விடும் வேலையை மட்டும் கொடுக்க வேண்டும். எங்கள் கூடத்தின் கேமராவில் பயிற்சிக்கு வருகிறவர்களின் கையைப் படம் பிடித்து, பிறகு அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறோம். "கட்டை விரல் கழுத்தை அழுத்துது பாருங்க" என்று நான் சொல்வதைவிட, அவர்களே திரையில் பார்க்கும்போது அடுத்த தடவை பிடி தளர்ந்துவிடுகிறது.

தொழில்நுட்பம் பற்றி இளம் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம், அது நல்லதுதான். தனித்தனியாகக் காற்றோட்டம் உள்ள கூண்டுகள், தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப், கியூஆர் குறியீடு போட்ட கூண்டு அட்டை எல்லாம் வந்துவிட்டன. கூண்டுக்கு அடியில் மின்முனைத் தட்டு வைத்து, சுண்டெலிகளின் நடமாட்டத்தை இரவும் பகலும் பதிவு செய்யும் முறையும் இருக்கிறது. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. நாம் பகலில் வந்து பார்க்கும்போது எல்லாம் சுருண்டு தூங்கும், எது சோர்வு, எது தூக்கம் என்று சொல்வது கடினம். அந்த இடத்தில் சென்சார் பெரிய துணை.

ஒரு நாள் திரையில் ஒரு கூண்டின் இரவு நடமாட்டக் கோடு மளமளவென இறங்கியிருந்தது. புதிதாக வந்த தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு, "நாலும் தூங்குது அக்கா, சென்சார்தான் தப்பு" என்றாள். கூடு கட்டியிருந்த காகிதத் துணுக்குகளை மெல்ல விலக்கிப் பார்த்தோம். மூன்று ஒன்றாக ஒட்டிக் கிடந்தன, ஒன்று தனியே ஓரத்தில். கண் இடுங்கியிருந்தது, காது பின்னால் மடிந்திருந்தது, முதுகு வளைந்து மயிர் சிலிர்த்து நின்றது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோலில் ஐந்து குறிகளைப் பார்ப்போம்: கண் இடுங்கல், மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசையின் நிலை. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. அவளையே மதிப்பெண் போடச் சொன்னேன். பிறகு இடுப்பெலும்பின் மேல் விரலை ஓட்டி உடல் நிலையைப் பார்க்கச் சொன்னேன். ஐந்தில் 3 இருக்க வேண்டியது, எலும்பு விரலில் தட்டுப்பட்டது, 2 என்றாள். மருத்துவர் வந்து பார்ப்பதற்குள் அவள் எழுதி வைத்த குறிப்பு தெளிவாக இருந்தது. எந்தக் கூண்டைத் திறக்க வேண்டும் என்று சென்சார் சொன்னது, திறந்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதை அவள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. நீண்டு வளைந்த பல்லையும், சண்டையில் வால் அடியில் பட்ட கடிகாயத்தையும் திரையில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

அவசரத் திட்டமும் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பகுதிதான், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். 2024 ஜனவரியில் பினாங்கில் பல பகுதிகளுக்குச் சில நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். முன்கூட்டியே புட்டிகளை நிரப்பி, கூண்டு மாற்றும் அட்டவணையை முன்னே இழுத்து, எந்த அறைக்கு முதலிடம் என்று எழுதி ஒட்டி வைத்துச் சமாளித்தோம். உங்கள் கூடத்தில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் எந்தெந்த அறைக்குப் போகிறது, இரவில் வெப்ப எச்சரிக்கை யார் கைப்பேசிக்கு வருகிறது என்று கேட்டு வையுங்கள்.

முகக்கவசத்தைச் சரியாகப் போடுங்கள். எலி, சுண்டெலியின் சிறுநீரில் இருக்கும் புரதம்தான் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். தும்மலில் ஆரம்பித்து ஆஸ்துமாவில் போய் நிற்கலாம். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது படிப்பது என்று கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விலங்கு என்று எடுத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேள்வி கேட்டுக்கொள்வது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. தமிழிலும் மலாயிலும் விளக்கிக்கொள்வோம், விடையை ஆங்கிலத்தில் சொல்வோம். சங்கத்தின் இணையப் பாடங்களுக்குக் கட்டணம் உண்டு, நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள், பயிற்சிச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். நாலு விடையும் சரி போலத் தெரியும் கேள்விகளில், முதலில் எதைச் செய்வீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். புட்டி ஒழுகிக் கூண்டு நனைந்திருந்தால் முதலில் சுண்டெலிகளை உலர்ந்த, சூடான கூண்டுக்கு மாற்ற வேண்டும். தகவல் சொல்வதும் பதிவு எழுதுவதும் அடுத்துதான்.

தேர்வில் வராத ஒன்று, வீட்டில் கட்டாயம் வரும். "பாவம் இல்லையா?" என்று அம்மா கேட்பார். எனக்கும் இந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. ஆய்வு முடிந்து விலங்குகளைக் கருணைக்கொலை செய்யும் நாள்கள் கனமானவை. பல காலம் கவனித்து வளர்த்தவருக்கு அது இன்னும் கனம். அதை மறைத்துக்கொண்டு நடமாட வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் பிள்ளை ஒருவர் அந்த நாள்களில் தன்னை அந்த வேலையில் போட வேண்டாம் என்று கேட்டார். மலாய் நண்பர் ஒருவர் மறுபேச்சின்றித் தன் முறையை மாற்றிக்கொண்டார். சூப்பர்வைசர்கள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். மனம் நொந்துபோனவர் கூண்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும், அதன் விளைவு விலங்கின் மேல்தான் விழும்.

புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: என் பயிற்சிப் பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள், தனியாக ஒரு வேலையைச் செய்ய விடுவதற்கு முன்னால் யார் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், தேர்வுக் கட்டணத்தை நிர்வாகம் ஏற்குமா, வார இறுதியிலும் தீபாவளி, ஹரிராயா விடுமுறையிலும் விலங்குகளைப் பார்ப்பது யார். நல்ல கூடமாக இருந்தால் நான்குக்கும் உடனே பதில் சொல்வார்கள்.