கோதுமை இல்லாத ஆப்பிள் பை: மாவு கலப்பதிலிருந்து செய்து பார்த்தது

குளூட்டன் இல்லாமல் நல்ல ரொட்டி சுடுவது மிகக் கடினம். ஆனால் மாவு ஓட்டுக்குள் பழத்தை நிரப்பிச் சுடும் பண்டமான பையை நன்றாகச் சுட முடியும் என்பதை, இந்த இலையுதிர் காலம் முழுவதும் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டேன். கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது உண்டாகும் வலைப்பின்னல்தான் குளூட்டன். ரொட்டி உப்பி நிற்க அந்தப் பின்னல் வேண்டும். பையின் ஓட்டுக்கோ அது மிகுந்தால் கேடு. ஓடு இறுகிப் போகும். மைதாவில் பை செய்கிறவர்களே மாவை அதிகம் பிசையக்கூடாது, தண்ணீரை அளந்து விட வேண்டும் என்று எச்சரிப்பது அதனால்தான். ஆகவே இந்தப் பண்டத்தைப் பொறுத்தவரை குளூட்டன் இல்லாதது பாதி நன்மை, பாதி குறை. மாவை எவ்வளவு கையாண்டாலும் இறுகாது என்பது நன்மை. தேய்க்கும்போதும் தட்டுக்கு மாற்றும்போதும் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை என்பது குறை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். மேற்படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்திருக்கும் என் அக்கா மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதிசெய்யப்பட்ட பிறகுதான் இந்த வேலையில் முழு மனத்தோடு இறங்கினேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் குளூட்டன் குடலுக்குள் போனால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளைச் சிதைத்துவிடும் நோய் அது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றுவரை இதற்கு மருந்து உணவுக் கட்டுப்பாடு ஒன்றுதான். கொஞ்சமாகச் சாப்பிட்டால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் அற்றது என்று விற்கக்கூடாது என்பது பிரிட்டனில் மட்டுமல்ல, இந்தியாவிலும் விதி.

அதனால் மாவைத் தொடுவதற்கு முன்பே சமையலறையை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. தினமும் சப்பாத்தி இடும் வீட்டில் மரக்கட்டையின் நுண்ணிய வெடிப்புகளிலும் சல்லடையின் கண்ணிகளிலும் கோதுமை மாவு தங்கியிருக்கும். கழுவினால் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. புதிதாக ஒரு கட்டையும் சல்லடையும் வாங்கி, அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பை சுடும் நாளில் காலையிலிருந்து கோதுமை மாவைத் திறப்பதே இல்லை. பேக்கிங் பவுடரில்கூடக் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பவர்கள் உண்டு என்பதால் எல்லா லேபிள்களையும் படித்தேன். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகளை இங்கே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் அதே கரண்டி, அதே கை என்பதை மறக்கக்கூடாது. ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்படும் அரிசி மாவும் அப்படித்தான். கோதுமை அரைத்த அதே மில்லில் அடுத்து அரிசியைப் போட்டு அரைத்த மாவு சீலியாக் நோயாளிக்கு ஆகாது. என் வீட்டில் அத்தகைய மாவு நிறைய இருந்தது. அதை இடியாப்பத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, பைக்கு முத்திரையிட்ட பொட்டலங்களையே வாங்கினேன்.

சாதாரண அரிசி மாவை மட்டும் வைத்துச் செய்தபோது சுவை குறைவில்லை. ஆனால் பல்லில் மணல் நெறிப்பதுபோல் இருந்தது. உலர்ந்த அரிசியை அரைக்கும்போது துகள்கள் பெரியனவாக நின்றுவிடுவதும், அவை தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சுவதும்தான் காரணம். நம் வீடுகளில் அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் இடித்துச் சலிப்பதன் நுட்பம் அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. ஆசியக் கடைகளில் கிடைக்கும் தாய்லாந்து அரிசி மாவும் அரிசியைத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்துச் செய்யப்படுவதுதான். அதற்கு மாறியதும் நெறிப்பு வெகுவாகக் குறைந்தது. ஒட்டுந்தன்மைக்கு ஒட்டரிசி மாவும், மொறுமொறுப்புக்கு மரவள்ளி ஸ்டார்ச்சும், தானிய மணத்துக்கு வெள்ளைச் சோள மாவும் (மக்காச்சோளம் அல்ல) சேர்த்தேன். 23 செ.மீ. தட்டில் அடி ஓடும் மேல் ஓடும் வருவதற்கு இப்போது நான் எடுப்பது: அரிசி மாவு 150 கிராம், ஒட்டரிசி மாவு 80 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 70 கிராம், சோள மாவு 50 கிராம். இவற்றோடு பால் பவுடர் 20 கிராம். கோதுமையைவிடப் புரதம் குறைந்த இந்த மாவு வெளிறியே நிற்கும். பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் பொன்னிறம் ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி, மாவைப் பிணைக்கும் பொருளைத் தேடியதுதான். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறத் தெரிந்த எவருக்கும் அரிசி மாவை வசப்படுத்தும் வழி தெரியும்: கொதிக்கும் நீரை ஊற்றினால் மாவுச்சத்து வெந்து, குழைந்து, சொப்புச் செய்ய வளைந்து கொடுக்கும். ஆங்கிலேயர்களும் மெல்டன் மோப்ரே பன்றியிறைச்சிப் பைக்குக் கோதுமை மாவில் சூடான நீரும் கொழுப்பும் ஊற்றித்தான் பிசைகிறார்கள். ஆனால் ஆப்பிள் பைக்கு வேண்டியது இதழ் இதழாகப் பிரியும் ஓடு. அதற்கு வெண்ணெய் உருகாமல் துண்டு துண்டாக மாவுக்குள் நிற்க வேண்டும். வெந்நீரும் குளிர்ந்த வெண்ணெயும் ஒன்றாகச் சேராது. அதனால் அரிசி மாவில் 30 கிராமை மட்டும் தனியே தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கூழாகக் கிளறி, குளிர்பெட்டியில் நன்றாக ஆறவைத்து, பிறகு மீதி மாவில் சேர்த்துப் பார்த்தேன். தேய்ப்பதற்கு மிக அழகாக வந்தது. சுட்டபின் கடித்தால் முறுக்குப்போல் கடினமாக இருந்தது. ஓடு கெட்டியாக இருப்பதை விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழி. எனக்கு இதழ்கள் வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

குளூட்டன் இல்லாத பேக்கிங்கில் பலரும் பயன்படுத்துவது சாந்தன் கம். சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறப்படும் பொருள் அது. அரை தேக்கரண்டி போட்டாலே மாவு பிடித்துக்கொள்கிறது. ஆனால் சற்றுக் கூடினாலும் வாயில் வழுவழுப்பாகத் தெரிகிறது. அடுத்து, மலச்சிக்கலுக்கு நம் வீடுகளில் பாலில் கலந்து கொடுக்கும் அதே இசப்கோல் உமியைப் பொடித்து 8 கிராம் சேர்த்தேன். அது தண்ணீரைப் பல மடங்கு உறிஞ்சி மெல்லிய கூழாகி, மாவுத் துகள்களைச் சுற்றிக்கொள்கிறது. மாவு மடிந்தது, வளைந்தது, ஓரத்தில் அதிகம் வெடிக்கவில்லை. கடித்தால் அது இருப்பதே தெரியவில்லை. இதைவிட நல்லது கிடைக்கும்வரை எனக்கு இசப்கோல்தான்.

இனிச் சேர்க்கும் முறை. மாவுகளோடு உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி கலந்து, உப்பில்லாத வெண்ணெய் 225 கிராமைக் குளிர்ந்த நிலையிலேயே சிறு கட்டிகளாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக நசுக்கிவிட வேண்டும். பிரெட் தூள்போல் பொடியாக்கக் கூடாது. ஒரு முட்டையை ஒரு தேக்கரண்டி வினிகரோடு அடித்து ஊற்றி, பனிக்கட்டி போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்க்கிறேன்; 80 மி.லி. முதல் 100 மி.லி. வரை பிடிக்கிறது. கையில் பிடித்தால் பிடிபட்டு நிற்க வேண்டும், ஒட்டக் கூடாது. பிறகு அதை நீள்சதுரமாகத் தேய்த்துக் கடிதம்போல் மூன்றாக மடித்து, திருப்பி, மறுபடியும் தேய்த்து மடிக்கிறேன். மைதாவில் இப்படிச் செய்யத் தயங்குவார்கள். இதில் இறுகும் என்ற பயமே இல்லாததால் துணிந்து மடிக்கலாம். இதழ்கள் கிடைப்பது இந்த மடிப்பில்தான்.

மடித்த மாவைச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கும் நேரம் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று இப்போது நம்புகிறேன். அரை மணி நேரம் வைத்ததற்கும் இரவு முழுதும் வைத்ததற்கும் உள்ள வேறுபாடு மாவு கலவையை மாற்றியதால் வந்த வேறுபாட்டைவிடப் பெரியது. அரிசித் துகள்களும் இசப்கோலும் தண்ணீரை முழுதாகக் குடித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. குடித்து முடித்த மாவு நெறிக்கவும் இல்லை, உதிரவும் இல்லை. காலையில் எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, பேப்பரோடு தூக்கித் தட்டின் மேல் கவிழ்த்தால் முழுதாக இறங்குகிறது. எங்காவது கிழிந்தால் ஒரு துண்டை வைத்து அழுத்திவிட்டால் போதும். வெந்தபின் ஒட்டின இடம் தெரியாது.

மாவில் தண்ணீரை ஏற்றுவது ஒரு பாடு என்றால், ஆப்பிளிலிருந்து தண்ணீரை இறக்குவது இன்னொரு பாடு. பிரிட்டனில் பைக்கென்றே இருக்கும் ஆப்பிள் பிராம்லி. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809இல் ஊன்றிய விதையிலிருந்து வளர்ந்த மரத்தின் வழி வந்தது அது. பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குப் புளிப்பு. வெந்தால் துண்டு நிற்காமல் பஞ்சாகக் குழைந்துவிடும். இந்த ஊர்க்காரர்கள் பலர் அந்தக் குழைவைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அவ்வளவு சாறும் கோதுமை ஓட்டைவிட எளிதில் ஊறிப்போகும் என் ஓட்டுக்கு ஆகாது. பாதி பிராம்லியும், பாதி துண்டாக நிற்கும் பிரேபர்னுமாக, தோலோடு எடைபோட்டு 1.2 கிலோ எடுத்துக்கொள்கிறேன். பிராம்லி குழைந்து பூரணத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிரேபர்ன் கடிப்பதற்குக் கிடைக்கிறது. இந்தக் கலவைக்குக் கிடைத்த சுவையை ஒற்றை வகை ஆப்பிளில் நான் கண்டதில்லை. பிரிட்டனின் தேசியப் பழ மரத் தொகுப்பு எங்கள் கென்டிலேயே ஃபேவர்ஷம் அருகே பிராக்டேலில் இருக்கிறது. 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள் அங்கே வளர்வதை நினைத்தால், இன்னும் எத்தனை கலவைகள் செய்து பார்க்கலாம் என்று ஆசையாக இருக்கிறது.

நறுக்கிய ஆப்பிளில் 120 கிராம் சர்க்கரை, சிட்டிகை உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் சாறு பிரிந்து அடியில் நிற்கும். அதை வடித்து, தனியாகக் காய்ச்சி, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால் இறக்கி ஆறவைத்து மறுபடியும் பழத்திலேயே ஊற்றிவிடுகிறேன். சாற்றைக் கொட்டாததால் சுவை முழுதும் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மட்டும் போய்விடுகிறது. பூரணம் இறுகச் சமையல் குறிப்புகளில் மைதா சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதில் 20 கிராம் மரவள்ளி ஸ்டார்ச். இலங்கை இலவங்கப்பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டியும் இரண்டு கிராம்பின் பொடியும் சேர்க்கிறேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேசியா பட்டை காரமாக முன்னே வந்து ஆப்பிளை மறைத்துவிடுகிறது. இலங்கைப் பட்டையின் மணமோ பழத்தோடு இழைந்து போகிறது.

அடி ஓடு வேகாமல் ஈரமாக நிற்பதுதான் எல்லாப் பைகளுக்கும் உள்ள சிக்கல். கண்ணாடித் தட்டைவிட உலோகத் தட்டு சூட்டை விரைவாகக் கடத்துகிறது. கனமான இரும்பு டிரேயை ஓவனின் கீழ்த்தட்டில் வைத்து 200 டிகிரி செல்சியஸுக்கு நன்றாகச் சூடேற்றி, அதன் மேல் பையை வைத்தால், சாறு கசிவதற்கு முன்பே அடி இறுகிவிடுகிறது. முட்டை தடவி, நீராவி வெளியேற மேலே நான்கு கீறல் போட்டு, 25 நிமிடம் கழித்து 170 டிகிரிக்குக் குறைத்து மேலும் 40 நிமிடம் விடுகிறேன். கீறல்களின் வழியே சாறு கெட்டியாகக் குமிழ்விடுவதைப் பார்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். அதுவரை ஸ்டார்ச் வேகவில்லை என்று பொருள்.

எடுத்ததும் வெட்டக் கூடாது. நான்கு மணி நேரம் ஆறினால்தான் ஆப்பிளின் பெக்டினும் ஸ்டார்ச்சும் இறுகி, துண்டு முழுதாக வருகிறது. கடைசியாகச் செய்ததை அக்கா மகள் வந்திருந்தபோதுதான் வெட்டினேன். கத்தி இறங்கும்போது மேல் ஓடு நொறுங்கும் ஓசை கேட்டது. கரண்டியால் தூக்கிய துண்டின் அடி வளையாமல் நேராக நின்றது, பக்கவாட்டில் மூன்று நான்கு இதழ்களை எண்ண முடிந்தது. “சித்தி, இதில் உண்மையிலேயே கோதுமை இல்லையே?” என்று அவள் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். வெளியிடங்களில் ஒவ்வொரு தட்டையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிவிட்ட பிள்ளை அவள். எல்லாப் பொட்டலங்களையும் எடுத்து வந்து அவள் முன் வைத்தேன்; ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு இரண்டாவது துண்டு கேட்டாள்.

இன்னும் சரிசெய்ய வேண்டியது மறுநாள் ஓடுதான். அரிசிச் சோறு ஆறினால் விறைப்பதுபோலவே இந்த ஓடும் குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தால் விறைத்து, அடியும் சற்று ஈரம் ஏறிவிடுகிறது. 170 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் பெருமளவு மீள்கிறது. மைக்ரோவேவில் வைத்தால் கெட்டுப்போகிறது. சுடாத பையை அப்படியே உறையவைத்து, வேண்டும்போது நேராக ஓவனில் வைத்தால் இந்தச் சிக்கலே எழாது என்று எதிர்பார்க்கிறேன். தேர்வு முடிந்து அவள் அடுத்து வரும்போது அப்படி ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்று இன்று இரவே மாவு கலந்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். சோள மாவில் பாதிக்குப் பதிலாக இந்த முறை, பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமையோடு தொடர்பில்லாத பக்வீட் மாவு போட்டிருக்கிறேன்.