300 மனை வரட்டும், கழிவுநீர் எங்கே போகும்?

சென்னையை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, ஜிஎஸ்டி சாலையிலிருந்து (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களில்கூட கல் நட்டு, கொடி கட்டி, மனை போட்டுக்கொண்டே போகிறார்கள். எங்கள் ஊரை ஒட்டியும் ஒன்று வரப்போகிறது. சுமார் 300 மனை என்று பேச்சு. நோட்டீஸில் 30 அடி தார்ச்சாலை, தெருவிளக்கு, பூங்கா, "20 அடியில் சுவையான குடிநீர்" எல்லாம் போட்டிருக்கிறது. அந்த 300 வீட்டுக் கழிவறைத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு வரிகூட இல்லை. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,200 பேர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு வைத்திருக்கும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அப்படிப் பார்த்தாலே தினமும் 66,000 லிட்டர் வேண்டும். ஆனால் இங்கே வீடு கட்டப்போகிறவர்கள் வாஷிங் மெஷினும் இரண்டு பாத்ரூமும் வைத்துக்கொண்டு நகரத்து அளவில்தான் செலவு செய்வார்கள். அது 135 லிட்டர், ஆக 1,62,000 லிட்டர். எங்கள் ஊராட்சியில் மோட்டார் போடும் அண்ணனிடம் கேட்டேன். "டேங்க் அதேதான் தம்பி, 30,000 லிட்டரு. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஏத்துறேன். கடைசித் தெரு குழாயில இப்பவே காத்துதான் வருது" என்றார். அதாவது மொத்த ஊருக்கும் இன்றைக்கு ஏறுவதே 60,000 லிட்டர்தான்.

சரி, தண்ணீரை எப்படியாவது கொண்டுவந்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம், புது போர் போடலாம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சேர்க்கலாம், லாரி ஓடலாம். ஆனால் உள்ளே வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். 1,62,000 லிட்டர் வந்தால் கிட்டத்தட்ட 1,30,000 லிட்டர் வெளியே போகும், அதுவும் தினமும். 135 லிட்டர் என்ற அளவையே மத்திய அரசின் கையேடு பாதாளச் சாக்கடை இருக்கிற ஊருக்குத்தான் சொல்கிறது. சாக்கடை இல்லாமல் குழாய்த் தண்ணீர் மட்டும் இருக்கிற ஊருக்கு 70 லிட்டர். தண்ணீர் கொடுப்பதும் கழிவை எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது.

இப்போது என்ன நடக்கிறது? பக்கத்து மனைப்பிரிவில் போன மாதம் ஒரு வீட்டுக்குக் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள், அடியில் கான்கிரீட் கிடையாது, மேலே ஒரு மூடி, பக்கவாட்டில் ஒரு காற்றுக் குழாய், அவ்வளவுதான் வேலை முடிந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி போர் குழாய் நிற்கிறது. இப்படித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். தன் மனைக்குள் விதிப்படி செய்ய நினைக்கிற நேர்மையான ஆளுக்குக்கூட இடம் இல்லை, அவர் ஒதுங்கினாலும் மூன்று பக்கமும் அண்டை வீட்டுக் குழிகள் இருக்கின்றன. 20 அடியில் தண்ணீர் கிடைக்கிற மண்ணில் இதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் குழிக்குள் வெளித் தண்ணீர் ஊறி, கழிவறையில் ஊற்றினால் இறங்காமல் மேலே வருகிறது. அப்போது லாரியைக் கூப்பிடுகிறார்கள், அந்த லாரி இரவோடு இரவாக ஏரிக்கு வரும் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகிறது. மனை வாங்காத, பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பங்களின் மாடு குடிக்கிற தண்ணீர் அது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

நகராட்சி பாதாளச் சாக்கடையை இங்கே வரை நீட்டிவிட்டால் போதும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. சாக்கடைக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டராவது ஓடினால்தான் கசடு தங்காது. 300 மனையில் முதல் ஐந்து வருடம் 20 வீடுதான் இருக்கும், பல கிலோமீட்டர் குழாயை அந்த 20 வீட்டுத் தண்ணீர் கழுவாது, அடைத்துக்கொள்ளும். சரிவுக்காகப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும், நடுவில் பம்பிங் ஸ்டேஷன் வேண்டும், அதற்கு இடம், கரண்ட் பில், ஆள். இதை யார் கட்டுவது? 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்ட அந்தப் பகுதிகளில், பத்து வருடம் கழிந்தும் பல தெருக்களில் பாதாளச் சாக்கடை வரவில்லை. எங்கள் ஊராட்சி எந்த வரிசையில் நிற்கும்?

அதனால் நான் சொல்வது, மனைப்பிரிவுக்கு உள்ளேயே முடிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு அடிப்பகுதி பூசிய செப்டிக் டேங்க், அதிலிருந்து தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் போகும் சின்னக் குழாய், தாழ்வான மூலையில் ஒரு சுத்திகரிப்பு இடம். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரைத் தன் வளாகத்திலேயே சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறது. கசட்டுக்குக்கூட வழி இருக்கிறது, தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இதே ஜிஎஸ்டி சாலையில் கருங்குழியில்தான் இருக்கிறது. லாரி அந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டும், வாய்க்காலுக்கு அல்ல.

இதற்கெல்லாம் இடம் வேண்டும், இடம் கிடைப்பது ஒப்புதல் கொடுக்கும் அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, சாலையும் அப்படித்தான் வருகிறது. அதே பத்திரத்தில் கழிவுநீருக்கும் தாழ்வான பக்கத்தில் இடம் எழுதி வாங்க வேண்டும், தார் போடும் முன்பே குழாயைப் புதைக்க வேண்டும், செலவை மனை போடுகிறவர் ஏற்க வேண்டும். சதுர அடிக்குக் கொஞ்சம் விலை ஏறும், ஏறட்டும். அப்புறம் ஊர் மொத்தமும் கேன் தண்ணீர் வாங்குவதைவிட அது குறைவுதான்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஆனால் அதுவரை காத்திருந்தால் கல் நட்டுவிடுவார்கள், அதனால் அடுத்து வருகிற சபையிலேயே தீர்மானம் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். பழைய ஊர்க்காரர்கள், புதிதாக வீடு கட்டியவர்கள், மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடலாம். மனு பால் சொசைட்டி பக்கத்துப் பெட்டிக்கடையில் இருக்கிறது.