நாற்பத்தேழாவது ஏடு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய பட்டா நகல்கள், ஒரு வெற்றிலைச் செல்லம், அடியில் ஒரே ஒரு பனையோலை ஏடு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், இரண்டு விரல் அகலம், கயிறு கோக்க இரண்டு துளை. எழுத்து இருப்பது கையால் தடவினால்தான் தெரியும்.

பாட்டி இருந்தவரை அதைப் பற்றி ஒரு கதை சொல்வார். அவருடைய மாமியார் காலத்தில் அது முழுக் கட்டாக இருந்ததாம். படிக்கத் தெரிந்தவர் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்கும் அது புரியவில்லை. ஒரு ஆடிப்பெருக்கு அன்று மஞ்சள் குங்குமம் வைத்து, பூப் போட்டு, கட்டோடு கொண்டுபோய்க் குடமுருட்டியில் விட்டுவிட்டார்கள். நைந்த கயிற்றிலிருந்து நழுவி வீட்டிலேயே விழுந்துவிட்ட ஏடு இது. ஏட்டைக் குப்பையில் போட அவர்களுக்கு மனம் வரவில்லை, அதனால் ஆற்றுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்க நடந்ததுதான் இது. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைத்தது.

போன தை மாதம் நாலு நாள் விடுப்புப் போட்டேன். ஏட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திட்டம் இதுதான்: தஞ்சாவூர், புதுக்கோட்டை, கோட்டையூர், அப்புறம் சென்னை.

தஞ்சை அரண்மனை வளாகத்துக்குப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சரசுவதி மகால் நூலகம் அதற்குள்தான் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் அரண்மனைப் புத்தகசாலையாகத் தொடங்கியது, இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) பெரிதாக வளர்ந்தது. காசி யாத்திரை போன சரபோஜி அங்கிருந்தும் சுவடிகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். 1918-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. வடமொழிதான் அதிகம். தமிழ், தெலுங்கு, மராத்தியும் உண்டு.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முன்னால் இருக்கும் அருங்காட்சிக் கூடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த படங்களுக்கு முன்னால்தான் கூட்டம். எனக்கு மனசு போனது மோடி ஆவணங்களின் பக்கம். மராட்டியர் ஆட்சியின் அன்றாடக் கணக்கு வழக்குகள், மோடி என்ற வேக எழுத்தில், கட்டுக் கட்டாக. யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் இவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. ராஜாவின் வீரத்தைப் பாடும் நூலைவிட, சத்திரத்து அரிசிக் கணக்குதான் எங்கள் ஊர்ப் பக்கத்து வாழ்க்கையை எனக்குக் கண்ணில் காட்டுகிறது.

சுவடிகளைப் பாதுகாக்க வைக்கும் துணிப் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றை இடித்துப் பொடியாக்கி, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணியில் முடிந்து சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அந்த வாசனைக்குப் பூச்சி அண்டாது. ஓலை வறண்டு ஒடியாமல் இருக்கப் புல் தைலம் தடவுவார்கள். பிரசவ வீட்டில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்புதான் இங்கே ஏட்டையும் காக்கிறது.

சுவடி படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அன்று சந்திக்க முடிந்தது. என் துணி மூட்டையை அவிழ்த்ததும், இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். மை பூசாத ஏட்டில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் விழும் நிழலை வைத்துத்தான் படிக்க வேண்டும். புள்ளி கிடையாது, எகர ஏகார வித்தியாசம் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கமும் கிடையாது. உதடு மட்டும் அசைய, மூன்று முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தார்.

“தம்பி, வீட்டுல மாடு கன்னு ஜாஸ்தியா?”

“தாத்தா காலத்துல நிறைய இருந்துச்சுங்க ஐயா.”

“அதான். இது மாட்டு வாகடம், மாட்டு வைத்தியச் சுவடி. கோமாரிக்கு மருந்து சொல்லியிருக்கான். இதோ பாருங்க, சீரகம், மஞ்சள். இந்த இடத்துல ஒடிஞ்சுபோச்சு.”

அப்புறம் இடது ஓரத்தைக் காட்டினார். ௪௰௭. நாலு, பத்து, ஏழு. “இது நாப்பத்தேழாவது ஏடு. மீதி எங்க இருக்கு?”

ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஏட்டை அதே துணியில் சுற்றி, நான் கட்டியதைவிட நேர்த்தியாகக் கட்டிக் கொடுத்தார். குறைந்தது நாற்பத்தாறு ஏடுகள். எங்கள் ஊர் மாடுகளுக்கு என்னென்ன நோய் வந்தது, கொல்லையில் என்னென்ன மூலிகை கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். இரவு தங்கிய அறையில் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

புதுக்கோட்டைக்குக் காலைப் பேருந்து. திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஞானாலயா, கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்து உருவாக்கிய நூலகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். முதல் பதிப்புகளைத் தேடி வரும் ஆய்வாளர்களுக்கு இந்த வீடு ஒரு புண்ணியத் தலம் மாதிரி. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய காரியத்தை ஆசிரியர் தொழில் பார்த்த இரண்டு பேர் செய்து முடித்திருக்கிறார்கள். அரை நாள்தான் இருந்தேன், அது போதவில்லை.

அங்கிருந்து காரைக்குடிப் பேருந்து. வழியெல்லாம் ஒரே யோசனை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும், எனக்குத் தெரிந்த கிளை நூலகம் எதிலும் அந்த ஊர்ச் சரித்திரத்துக்கென்று ஒரு அலமாரியைக் கண்டதில்லை. ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை என ஒரே ஒரு தட்டு போதும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கோட்டையூர் காரைக்குடியை ஒட்டிய ஊர். அகலத் தெருக்கள், ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் செட்டிநாட்டு வீடுகள். இங்கே பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம் மட்டும் என்றில்லாமல் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், கடிதம் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவி, நுண்படம் எடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். இந்த முடிவுக்காக அவர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டலாம். கோட்டையூரில் இப்போது அந்தச் சேகரிப்பு இல்லை என்று தெரிந்தேதான் போனேன். அவர் நடந்த தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும் என்று ஆசை. நடந்தேன்.

அன்றிரவே ரயில் ஏறினேன். தரமணியில் இருக்கிறது நூலகம். வாசிப்பு அறையில் உட்கார்ந்து வேண்டியதைக் கேட்க வேண்டும். ஒரு பழைய நாடக நோட்டீசைப் பார்த்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம், ஓரமெல்லாம் பழுப்பு. நாற்காலிக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, தரைக்கு ஒரு விலை. பெண்களுக்குத் தனி இடம். மழை பெய்தால் ஆட்டம் மறுநாள். அந்த ஊரில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சரித்திரப் புத்தகம் சொல்லும்? கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தச் சத்திரத்தில் ஜாகை என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும்.

இந்தக் காகிதங்களைக் காப்பது ஓலையைக் காப்பதைவிடக் கஷ்டம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓலை இருநூறு முந்நூறு வருஷம் நிற்கும். மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் இருப்பதால் ஐம்பது அறுபது வருஷத்தில் அப்பளமாக நொறுங்கிவிடும். அதனால் அமிலத்தை நீக்குகிறார்கள், கிழிந்த இடத்தில் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை ஒட்டுகிறார்கள், படம் எடுத்து வைக்கிறார்கள்.

பிறகு மாட்டு வாகடம் கேட்டேன். அச்சில் வந்த ஒன்றில் கோமாரிப் பகுதியைப் புரட்டி, பெரியவர் படித்துச் சொல்லி நான் எழுதிவைத்திருந்த வரிகளோடு வைத்துப் பார்த்தேன். சரக்குகள் கொஞ்சம் ஒத்துப்போயின, பாட்டு ஒத்துப்போகவில்லை. வேறு ஒருவர் பாடியது. அப்படியென்றால் எங்கள் வீட்டில் இருந்தது வேறு நூல், அல்லது வேறு பாடம். அது இனி எங்கும் கிடைக்காமலே போகலாம்.

கடைசியாகக் கோட்டூர்புரம். 1869-ல் உருவான அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இப்போது அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஆள் அனுப்பி ஊர் ஊராகக் கேட்டு எழுதி வாங்கிய கைபீதுகளில் ஒரு பெரும்பகுதி இங்கேதான் உள்ளது. இன்ன கோயிலை யார் கட்டினார்கள், இன்ன ஏரியை யார் வெட்டினார்கள் என்று அந்தந்த ஊர்க்காரர்களே சொன்ன கதைகள். நான் பார்த்த பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. விரலால் வரி வரியாகத் தடவித் தேடிவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்தேன். ஏட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “அட, பரண்ல உங்க தாத்தாவோட மொய் நோட்டு ஒரு மூட்டை கிடக்குடா. செல்லு அரிக்குதுன்னு பழைய பேப்பர்காரனை வரச்சொல்லியிருக்கேன்” என்றார்.

“அத்தை, அதைத் தொடாதீங்க. நான் சனிக்கிழமை வர்றேன்.”

“அதுல என்னடா இருக்கு, அஞ்சும் பத்துமா எழுதியிருக்கு.”

“இருக்கட்டும் அத்தை. நாட்டு மருந்துக் கடையில கொஞ்சம் வசம்பு மட்டும் வாங்கி வைங்க.”