போர் போடாத ஏழு வீடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து வீடு கட்டிக் குடியேறப் போகிற நிலத்தில் ஏழு குடும்பமும் கூடினோம். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகிற பாதையில் உள்ளே தள்ளி ஐந்தரை ஏக்கர். பாதிக்கு மேல் சீமைக்கருவேலம், முப்பத்தியொரு பனை, கிழக்கோரம் தூர்ந்துபோன பழைய குட்டை ஒன்று. காலையிலிருந்து பேசியதெல்லாம் பொதுச் சமையற்கூடம் வேண்டுமா வேண்டாமா என்றுதான். எனக்கு மனசு அதில் ஒட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தபோது என் கொழுந்தன் சொன்னார்: "மதினி, எது பொதுவா இருந்தாலும் சரி, என் மனையில ஒரு போர்வெல் மட்டும் தனியாப் போட்டுக்கிறேன்."

அன்றைக்குப் பேசவேண்டிய பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது.

நான் பிறந்தது கடலோரக் கிராமத்தில். அப்பத்தா விடியுமுன் எழுப்பி மணல்மேட்டுக்குக் கூட்டிப் போவாள். முழங்கை ஆழம் பறித்தால் ஊத்து. கொட்டாங்கச்சியால் மோந்து மோந்து குடத்தில் விட வேண்டும். நான் அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கையைத் தட்டிவிடுவாள். "உள்ள போனா கரிக்கும்டி. மேலாக மோந்துக்க."

அவள் சொன்னதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை நல்ல தண்ணி இருக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு அதே நாற்பதடி ஏறி வரும். ஆழ்துளைக் குழாயை இறக்கி மோட்டாரால் இழுப்பவர் தன் மனைத் தண்ணியை மட்டும் இழுக்கவில்லை, பக்கத்து மனைக்கும் உப்பைக் கூப்பிடுகிறார். எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டில் மோட்டார் வந்தது, பிறகு நாலு வீட்டில், பிறகு எல்லா வீட்டிலும். இன்றைக்கு அந்தத் தெருவே குடத்துக்குக் காசு கொடுத்து வண்டித் தண்ணி வாங்குகிறது.

அதனால்தான் சொல்கிறேன்: வீடு தனித்தனி, கதவு தனித்தனி, அடுப்பும் தனித்தனியாகவே இருக்கட்டும். நிலத்தடித் தண்ணி ஒன்றுதான் பிரிக்கவே முடியாதது. அதைப் பொதுவில் வைக்காமல் மண்டபத்தையும் திண்ணையையும் பொதுவில் வைத்து என்ன செய்ய?

தண்ணிக்கு வழி இருக்கிறது என்று மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். 800 சதுர அடிக் கூரையில் அது விழுந்தால் சுமார் 59,000 லிட்டர். முதல் மழையைக் கழுவி விட்டது, வழிந்தது போக 45,000 கைக்கு வரும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 300 நாளைக்கு 12,000 லிட்டர். வீட்டுக்கு 15,000 லிட்டர்த் தொட்டி ஒன்று, அவ்வளவுதான். குளிக்க, துவைக்கப் பொதுக் கிணறு, ஆழமில்லாத திறந்த கிணறு, நாளுக்கு இத்தனை குடம் என்ற கட்டுப்பாட்டோடு. ஆடுமாட்டுக்கும் காய்கறிக்கும் குட்டை. கிழக்குப்பக்கம் களிமண்ணாக இருப்பது எங்கள் அதிர்ஷ்டம், மணலில் வெட்டினால் தண்ணி நிற்காது.

இந்தக் கணக்கால் எனக்கே ஒரு ஆசை போனது. பனங்கை ஏற்றி ஓலை வேய்ந்த வீடு வேண்டும் என்று எத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்! ஓலையில் வழியும் தண்ணி குடிக்க ஆகாது. ஆகவே வீடுகளுக்கு ஓடு, பொதுக் கொட்டகைக்கு மட்டும் ஓலை. அப்பா வீட்டு முருகைக்கல் சுவரும் இனி கிடையாது, அது பவளப்பாறையில் வெட்டிய கல், பவளப்பாறைக்கு 2001 முதல் சட்டப் பாதுகாப்பு. அது சரிதான்.

முதலில் கடலைப் பார்த்தாற்போல ஓரிடம் வந்தது. ஏழு பேருக்கும் பிடித்தது. ஆனால் எங்களைப் போன்ற நெருக்கமில்லாத ஊர்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, மணல்மேட்டைத் தொடவே கூடாது. விட்டுவிட்டோம். இப்போதைய நிலத்தில் வீட்டுக்குப் பத்துப் பத்து சென்ட் அவரவர் பேரில், மீதி நாலு ஏக்கர் எண்பது சென்ட் சங்கத்தின் பேரில். 1975ஆம் வருஷத்துச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும், நாங்கள் சரியாக ஏழு குடும்பம். மனையாகப் பிரிக்க அனுமதி வாங்க வேண்டும், அந்த வேலையை ஓய்வுபெற்ற தாசில்தார் அலுவலக அண்ணன் ஒருவர் ஏற்றிருக்கிறார்.

தன்னிறைவு என்று பெரிதாகப் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு ஏக்கரில் புழுதி விதைப்பாக நெல் போடலாம், மழை பொய்த்த வருஷம் அரிசி கடையில்தான். குண்டு மிளகாய் வரும். பனை ஏமாற்றாது: பனையேறி ஒருவர் குடும்பத்தோடு வந்தால் பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு எல்லாம் உண்டு. அவரையும் கூலிக்காரராக அல்லாமல் பங்குக்காரராகச் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கரைவலையில் இழுப்பவனுக்கும் பங்கு உண்டல்லவா, அந்த மாதிரி. மீனுக்கு நாங்கள் படகு வாங்கப் போவதில்லை, கரையில் இருப்பவர்களிடம் வாங்குவோம்.

ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை எழுதியிருக்கிறேன்: "எந்த மனையிலும் ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை. மாற்ற வேண்டுமானால் ஏழு குடும்பமும், வீட்டுப் பெண்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும்." தண்ணி சுமந்தது யாரென்று ஊருக்கே தெரியும், அதனால்தான் அந்த நடுச் சொல்.

ஆறு குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று. புரட்டாசிக்குள் குட்டையைத் தூர்வாரக் கருவை வேரைப் பறித்துக்கொண்டிருக்கிறோம். கொழுந்தன் இன்னும் போடவில்லை. நேற்று ராத்திரி போன் பண்ணினார். "மதினி, தொட்டி 15,000 போதுமா, 20,000 கட்டலாமா?"

20,000 கட்டுங்கள் என்றேன்.